ஒற்றைக்கொம்பு ஆடும் பழைய முதலையும்

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். அதன் மேல் பாதியில் அன்றைக்கு என்னென்ன சாமான் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கும். சீனி உண்டு, மா உண்டு, மண்ணெண்ணெய் இல்லை. கீழ்ப் பாதியில் சினிமா விமர்சனம் இருக்கும். நெடுந்தீவில் தியேட்டர் கிடையாது. எங்கள் பக்கத்துக்கு மின்சாரமும் இல்லை. விமர்சிக்கப்பட்ட படத்தை அந்தத் தீவில் முப்பது நாற்பது பேருக்கு மேல் பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் மண்ணெண்ணெய் தவறினாலும் விமர்சனம் தவறாது.

எழுதுகிறவர் சங்கக்கடை மனேச்சர். நான் அவரை மனேச்சர் மாமா என்று கூப்பிடுவேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதிலும் ஒரு பிழை கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அவருடைய விமர்சனம் ஒன்று இப்படி இருக்கும்:

படம்: பெயர் தெரியாது. முன்பக்கம் அழிந்துவிட்டது.
காடு: வாழைமரம் ஏழு. அதையே சுற்றிச் சுற்றி மூன்று நாள் நடக்கிறார்கள்.
முதலை: பழைய முதலை.
குரங்கு: உள்ளே ஆள்.
தீர்ப்பு: பார்க்கலாம்.

அரிசிக்கு வரிசையில் நிற்கும் சனம் இதை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசிக்கும். வேறு வாசிக்க என்ன இருந்தது? பேப்பர் வந்தால் படகில் வரவேண்டும். படகு வருவதென்றால் காற்று விடவேண்டும்.

மனேச்சர் மாமா இளவயதில் தென்பகுதி ஊர் ஒன்றில் சித்தப்பாவின் கடையில் நின்றவர். அந்தக் கடை கைவிட்டுப் போனபோது ஒரு சின்ன ரீவி, கசெற் ஓட்டும் ஒரு டெக், பிஸ்கட் தகரம் நிறைய வீடியோ கசெற், இவ்வளவோடும் ஊருக்கு வந்து இறங்கினாராம். அந்தக் கசெற்றுகள், மூடப்போகும் ஒரு வீடியோக் கடையில் தமிழ்ப் படமும் இந்திப் படமும் விற்றுத் தீர்ந்தபிறகு ஒருவரும் சீண்டாமல் கிடந்தவை. எல்லாம் ஹொலிவூட்டில் அந்தக் காலத்தில் கைச்செலவுக்குக் காசில்லாமல் அவசரமாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். பாதி காட்டுப் படம், மற்றப் பாதி மாளிகை ஒன்றுக்குள் கொலைகாரனைத் தேடும் படம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் ஜெனரேற்றரை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் வாங்குவார். தன் வீட்டு ஜன்னலுக்குச் சாக்குக் கட்டுவார். தமிழ்ப் படம் இரண்டரை மணித்தியாலம் ஓடும். ஜெனரேற்றரோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருமத் தொடங்கிவிடும். இந்த மலிவுப் படங்கள் மட்டும்தான் ஒரு மணித்தியாலத்துக்குள் கொலையும் செய்து, கொலைகாரனையும் பிடித்து, கலியாணமும் கட்டி முடிப்பவை. ஆக, அவருடைய கலைரசனையைத் தீர்மானித்தது ஜெனரேற்றர் என்றுதான் நான் சொல்லுவேன். அவர் முன்னால் சொன்னதில்லை.

ஆங்கிலம் அவருக்கு அரைகுறை. எங்களுக்கு அதுவும் இல்லை. கதைப்பது விளங்காதபடியால் அவர் கதிரை மேசைகளைப் பார்க்கப் பழகிவிட்டார். ஒரு படத்தில் பிரபு வீட்டு விறாந்தையில் கிடந்த கதிரை, இன்னொரு படத்தில் பொலிஸ் நிலையத்தில் கிடக்கும். உடனே கண்டுபிடித்துவிடுவார். கொலைப் படங்களில் வரும் மாடிப்படி ஒன்று அவருக்கு அத்துப்படி. "உந்தப் படியில நாலு படத்தில நாலு பேர் உருண்டு செத்தவங்கள். ஒருத்தனாவது கைபிடியைத் திருத்தினானோ?" என்று கேட்பார். முதலை சங்கதியும் அப்படித்தான். முதலைக்குச் செலவழிக்கக் காசில்லாதவர்கள் பழைய படம் ஒன்றில் இருந்து அந்தத் துண்டை வெட்டி ஒட்டிவிடுவார்களாம். இடது கண்ணுக்கு மேலே ஒரு தழும்புள்ள முதலை, கரையிலிருந்து சறுக்கித் தண்ணீரில் விழும். ஆறு படத்தில் அது ஒரே மாதிரிச் சறுக்கியது. மனேச்சர் மாமா அதை ஊர் ஆளைக் கண்டது போலக் கைகாட்டுவார்.

"வந்திட்டார். பழைய ஆள்."

இதையெல்லாம் கேட்டு அவர் அந்தப் படங்களை நையாண்டி செய்கிறார் என்று நினைத்தால் அது பிழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தில் மனிதக் குரங்கு மரத்தில் ஏற, முதுகில் தையல் பிரிந்து உள்ளே போட்டிருந்த வெள்ளை பெனியன் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் எழும்பிப் போய் டெக்கை நிறுத்திவிட்டார்.

"அந்த வெக்கைக்குள்ள அந்த மயிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மனுசன் மரம் ஏறியிருக்கிறான். உங்களுக்குக் குரங்கைக் காட்டவேணுமெண்டு. சிரிக்கிற ஆக்கள் வீட்டை போகலாம்."

ஒருவரும் போகவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது? சிரிப்பை விழுங்கிக்கொண்டு மிச்சத்தையும் பார்த்தோம். மறுநாள் பலகையில் "குரங்கு: உள்ளே ஆள். நல்ல உழைப்பாளி" என்று இருந்தது.

அவருடைய தீர்ப்புகள் மூன்றே மூன்று. "பார்க்கத் தேவையில்லை" என்பது கடைசி. "பார்க்கலாம்" நடுத்தரம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு, "இன்னொருக்கால் பார்க்கலாம்." அதை அவர் பலகையில் எழுதி நான் இரண்டே இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன். ஒன்று முதலைப் படம். மற்றதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த முதலைப் படத்தால் அவர் ஒருநாள் வகையாக மாட்டிக்கொண்டார். பலகையில் இப்படி எழுதியிருந்தார்: "முதலை இரண்டாம் தரமும் வந்தது. அதே ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னொருக்கால் பார்க்கலாம்." எங்களுக்கு இது விமர்சனம். அந்தச் சண்டைக் காலத்தில் தீவைச் சுற்றிக் காவல் காத்துக்கொண்டிருந்த கடற்படை முகாமில் இருந்தவர்களுக்கு இது வேறு மாதிரிப் பட்டதில் ஆச்சரியம் இல்லை. யார் இந்த முதலை? எந்தக் கரைக்கு வந்தது? ஞாயிற்றுக்கிழமை யார் யாரைப் பார்க்கப்போகிறார்கள்? காலையில் ஆள் வந்து மனேச்சர் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் சங்கக்கடை வாசலில் நின்ற எங்களுக்குப் பருப்பும் வேண்டாம் சீனியும் வேண்டாம் என்றாகிவிட்டது. அம்மா செபமாலையை எடுத்தாள்.

பின்னேரம் நாலு மணிக்கு அவர் சைக்கிளில் திரும்பி வந்தார். இடையில் ரீவியும் டெக்கும் கசெற்றும் தள்ளுவண்டிலில் முகாமுக்குப் போய்வந்ததாம். முதலை வரும் இரண்டு படத்தைப் போட்டுக் காட்டி, தழும்பை விரலால் தொட்டு விளக்கி, தான் நிரபராதி என்று நிரூபித்திருக்கிறார். பெரிய அதிகாரி கடைசிவரை இருந்து பார்த்தாராம். நாங்கள் எல்லோரும் சந்தோசத்தில் அவரைச் சூழ்ந்துகொண்டோம். மனேச்சர் மாமாவின் முகம் மட்டும் செத்த வீட்டு முகமாக இருந்தது.

"என்ன அண்ணை, அடிச்சவங்களோ?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"அடிக்கேல்லை. தேத்தண்ணி தந்தவங்கள்."

"பிறகேன் இப்பிடி இருக்கிறியள்?"

"குரங்கு கையில மணிக்கூடு கட்டியிருக்காம். அந்த அதிகாரி காட்டினவர். நான் பன்ரெண்டு தரம் பாத்த படம், தம்பி. நான் காணேல்லை."

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி. உயிர் தப்பி வந்த மனுசன் மணிக்கூட்டுக்காகப் பட்டினி கிடந்தது எங்கள் ஊரில்தான் நடக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தக் கண் ஒருநாள் என் மேலும் விழுந்தது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சம்பந்தம் வந்து நின்றுபோயிருந்தது. சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்த இரண்டு மூன்று வருடத்தில் பாதை திறந்து வெளிநாட்டுச் சம்பந்தங்கள் தீவுக்குள் வரத் தொடங்கின. அப்போதைய வழக்கம், மாப்பிள்ளை தன்னையும் தன் வீட்டையும் வீடியோ எடுத்து ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவது. எனக்கும் கனடாவில் ரொறன்ரோவிலிருந்து ஒரு கசெற் வந்தது. ஆள் ஊர்காவற்றுறைக்காரர். எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். அதைவிடப் பெரிதாக ஒரு பயம் இருந்தது. ஒரு பொய்க்காரனை நம்பி அவ்வளவு தூரம் போய் இறங்கினால் திரும்பிவரப் படகு கிடையாது.

ஊரில் டெக் ஒன்றுதான். ஆகவே என் மாப்பிள்ளையின் கசெற்றும் சாக்குக் கட்டிய அந்த அறைக்குத்தான் போனது. அப்பா, அம்மா, மனேச்சர் மாமா மூன்று பேரும் முன்னால் இருந்தார்கள். நான் குசினிக் கதவோடு நின்றேன்.

மெலிந்த ஒரு ஆள் திரையில் வந்தார். தொண்டையைச் செருமினார். "இது ஹோல்," என்றார். ஒரு பச்சைக் கதிரை, சுவரில் மணிக்கூடு, ஜன்னலுக்கு வெளியே பனி பூத்த ஒரு மரம். படம் வெட்டுப்பட்டது. "இது படுக்கையறை." கட்டில், பச்சைக் கதிரை. வெட்டு. "இது விருந்தாட்கள் வந்தால் தங்கிற அறை." பிறகு வெளியில் நிறுத்தியிருந்த ஒரு நீலக் காருக்குப் பக்கத்தில் நின்று கையை அசைத்தார். முடிந்தது.

அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. "மூண்டு அறை," என்றார்.

மனேச்சர் மாமா கசெற்றைப் பின்னுக்குச் சுற்றினார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முதலையைக் கண்டால்தான் அவர் அப்படிச் சுற்றுவார்.

"தம்பி, கதிரையின்ர கையைப் பாரும். நாடா ஒட்டியிருக்கு. படுக்கையறைக் கதிரையிலயும் அதே நாடா. ஜன்னலுக்கு வெளியில மரத்தைப் பாரும், கொப்பு முறிஞ்ச அதே மரம். மணிக்கூடு ஹோலில பத்தேகால். விருந்தாட்களின்ர அறையில பதினொண்டு ஐஞ்சு. இது மூண்டு அறையில்லை. ஒரு அறை."

அப்பா எழும்பிவிட்டார். "கள்ளன்! ஒரு அறையை வைச்சுக்கொண்டு எங்களுக்குப் படம் காட்டுறானோ? காரும் பொய்யாத்தான் இருக்கும்."

"கார் அவன்ரயில்லை," என்று மனேச்சர் மாமா ஒத்துக்கொண்டார்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். எனக்கு மூன்றாவது சம்பந்தமும் போய்விட்டது என்று நின்றேன். போனதைவிட, அது மனேச்சர் மாமாவின் கண்ணில் பட்டுப் போனதுதான் கேவலமாக இருந்தது. நாளைக்குப் பலகையில் 'அறை: ஒன்று' என்று எழுதுவார், ஊர் முழுக்க அரிசி வரிசையில் நின்று வாசிக்கப்போகிறது.

"இரும் தம்பி. நான் இன்னும் முடிக்கேல்லை," என்றார் அவர். திரும்பவும் சுற்றினார். "உவன் ஒவ்வொரு அறைக்கும் வந்து கதைக்கேக்க மூச்சு வாங்கிறதைக் கவனிச்சனீரோ? கமரா ஆடேல்லை. எதிலயோ வைச்சிட்டுத் தனியத்தான் கட்டிலையும் கதிரையையும் இழுத்திருக்கிறான். ஒரு கை குடுக்க ஆளில்லை. காரைப் பாரும். கிட்ட நிக்கிறான், கையை வைக்கேல்லை. பொய்க்காரனெண்டால் கதவைத் திறந்து ஏறியெல்லோ இருந்திருப்பான்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டுமில்லை. நான் கண்டதைச் சொன்னனான்." பிறகு அவர் குசினிப் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீரும் ஒருக்கால் பாரும். வாழப்போறது உம்மட கொப்பர் இல்லை."

நான் முன்னால் போய் இருந்து பார்த்தேன். இந்த முறை கதிரையைப் பார்க்கவில்லை. மூன்றாவது அறையில் அவர் நெற்றி வேர்த்திருந்தது. வெளியே பனி கொட்டுகிற ஊரில் ஒரு மனுசன் வேர்த்து நிற்கிறார். அந்தப் பெனியன் தெரிந்த குரங்கின் ஞாபகம் வந்தது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. சிரிப்பு வரவில்லை.

"ஓம், எனக்குச் சம்மதம்," என்றேன். அப்பா என்னோடு நாலு நாள் கதைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாய்ச் சங்கக்கடைக்கு ஓடினேன். மேலே, மா உண்டு, பருப்பு உண்டு. கீழ்ப் பாதியில் படப் பெயர் இல்லை, அறை இல்லை, கதிரை இல்லை. ஒரு வரிதான் இருந்தது.

"தீர்ப்பு: இன்னொருக்கால் பார்க்கலாம்."

என்ன படம் என்று ஊர் ஒரு கிழமை மண்டையை உடைத்தது.

மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குப் பெண்ணையும் வீட்டையும் வீடியோவில் கேட்டார்கள். அப்பா மனம் மாறி இப்போது மறுபக்கமாய்த் துள்ளத் தொடங்கினார். கனடாக்காரனுக்கு எங்களைக் குறைவாகக் காட்டக்கூடாது என்பது அவருடைய புதுக் கவலை. கோயில் திருவிழாவைப் படமெடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வீடியோக்காரர் வந்திருந்தார். குறிகட்டுவானுக்குப் போகிற பின்னேரப் படகுக்கு முந்தி அரை மணித்தியாலம் எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். மேற்பார்வைக்கு வேறு யார்? மனேச்சர் மாமா கமராவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

சுவர் வெடிப்பை மறைத்து நான் நின்றேன். அது சரி. பிறகு அப்பாவுக்கு முற்றம் வெறுமையாகக் கிடப்பது பொறுக்கவில்லை. ஒரு காலத்தில் பதினொரு ஆடு நின்ற பட்டி. அப்போது மிஞ்சியிருந்தது ஒன்று, அதுவும் ஒரு கொம்பு முறிந்தது. அப்பா அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கல்வேலிக்குப் பின்னால் குனிந்து ஓடினார். ஆடு முற்றத்தால் இடமிருந்து வலமாக நடந்தது. பின்பக்கத்தால் சுற்றி வந்து மறுபடி இடமிருந்து வலமாக நடந்தது. அம்மா வேலிக்குப் பின்னால் ஏதோ தடுக்கப் பார்த்தாள். மனேச்சர் மாமா எழும்பிப் போய் அவளோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வந்து இருந்தார். மூன்றாம் தரமும் ஆடு நடந்தது.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இப்போது கத்துவார், இப்போது நிறுத்துவார் என்று நின்றேன். மனுசன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "நல்லா வந்திருக்கு. இவ்வளவு காணும்," என்றார். வீடியோக்காரர் படகுக்கு ஓடினார்.

ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று மனேச்சர் மாமா அந்த வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலையின் தழும்பை மறவாத ஆள் ஒற்றைக்கொம்பைத் தவறவிட்டுவிட்டாரே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. வயது போனால் யாருக்கும் அப்படித்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கலியாணம் கொழும்பில் ஒரு சின்னக் கோயிலில் நடந்தது. அதற்கு முதல்நாள்தான் மாப்பிள்ளையை நேரில் கண்டேன். வீடியோவில் இருந்ததைவிட மெலிவு. நிலத்தைப் பார்த்துக்கொண்டு அவர்தான் தொடங்கினார்.

"உங்கட வீட்டில எத்தினை ஆடு?"

எனக்குக் காது சுட்டது. "மூண்டு," என்றேன்.

"மூண்டுக்கும் ஒரே பக்கத்துக் கொம்புதான் முறிஞ்சதோ?"

அவர் விடவில்லை.

"கல்வேலிக்கு மேலால ஒரு மொட்டந்தலையும் ஓடினது. உங்கட அப்பாவோ?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்ர ஒரு அறையை மூண்டாக் காட்டி அனுப்பிப்போட்டு நான் நித்திரையில்லாமல் கிடந்தனான். அந்தப் பெட்டை வந்து பாத்தால் என்ன நினைக்கும் எண்டு. எழுதிச் சொல்லிப்போட்டு நிப்பாட்டுவமெண்டு கடிதமும் எழுதி வைச்சனான். அப்பதான் உங்கட கசெற் வந்தது. ஆட்டை மூண்டாந்தரம் கண்டோடன கடிதத்தைக் கிழிச்சனான்."

ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது அறை ஒன்றுதான். எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை, முன்னமே விமர்சனம் வாசித்தவள் அல்லவா. நாடா ஒட்டிய பச்சைக் கதிரை ஜன்னலோடு கிடந்தது.

சண்டை முடிவதற்கு முந்திய மாரியில் அம்மா போன் எடுத்தாள். மனேச்சர் மாமா காலமாகிவிட்டார் என்றாள். பிஸ்கட் தகரத்தைக் கோயிலுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். நான் அழுதுகொண்டே, கடைசிக் காலத்தில் அவருடைய கண் சரியாகத் தெரியாமல் போனதுதான் எனக்குக் கவலை, எங்கள் ஆட்டைக்கூடக் காணவில்லையே என்றேன். மறுமுனையில் அம்மா இடைமறித்தாள்.

"ஆர் சொன்னது? மூண்டாந்தரம் விடாமல் நான் கயிற்றைப் பிடிச்சனான். பிடிபட்டிடும் அண்ணை எண்டு சொன்னனான். என்ர கையைத் தட்டிவிட்டவர் அவர்தான்."

"ஏனாம்?"

"'விடும் தங்கச்சி, அவன் காணட்டும்,' எண்டவர். 'அந்தப் பெடியன் தனிய நிண்டு ஒரு கதிரையை மூண்டு அறைக்கு இழுத்தவன். நாங்கள் ஒரு ஆட்டையாவது மூண்டு தரம் நடத்தவேணும்.'"